பதினேழாம் வரிசைக்கு நான் கொடுத்த மதிப்பெண்

என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண், ஒரு வரிசைப் பயிரைப் பார்த்து நோய் நூற்றுக்கு நாற்பது பங்கு என்றார். நான் ஐந்து என்று எழுதச் சொன்னேன். அடுத்த ஆண்டு அந்த ஐந்தை நம்பியவர்களின் வயல்கள் பாழானபோது, விசாரிக்க வந்தவர்களிடம், "நோட்டில் இருப்பது அந்த அம்மாவின் எழுத்து. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். அவருக்கு வேலை போயிற்று. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

என்னைப் போல் படித்தவர்கள் தவறை ஒப்புக்கொள்ளும்போது முதலில் சூழ்நிலையை விளக்குவார்கள். கேட்பவருக்கு நம் மேல் போதுமான இரக்கம் வந்த பிறகுதான் தவறு மெதுவாக வெளியே வரும். அந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் தவறை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிச் சூழ்நிலை.

ஆரணிக்கும் பெரணமல்லூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில், நெல் பயிரிட்ட சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். படிப்பும் உத்தியோகமும் வடக்கே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புதிய கோதுமை ரகங்களை உருவாக்கும் வேலை. நோயைத் தாங்க வேண்டும், விளைச்சலும் கூடுதலாக வேண்டும். இவை இரண்டும் ஒரே செடியில் சேர்வது எவ்வளவு அரிது என்பது, பெண்ணுக்கு நல்ல சம்பளமும் நல்ல குணமும் உள்ள மாப்பிள்ளையைத் தேடி அலைந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஓய்வு பெற்று ஆரணியில் வீடு கட்டிக் குடியேறினேன். சுற்றிலும் அரிசி ஆலைகள், உள்ளே பட்டுத் தறிகள். இப்படிப்பட்ட ஊரில் கோதுமை விஞ்ஞானி என்பவன், கடல் இல்லாத ஊரில் குடியிருக்கும் கப்பல் கேப்டன். ஆனால் இந்த ஊருக்கும் கோதுமைக்கும் ஒரு தொடர்பு இருந்தது. சர்க்கரை வியாதி. அரிசி ஆலை முதலாளிகள் உட்பட ஊரே இரவில் சப்பாத்தி சாப்பிட்டது. கோட்டை மைதானத்தில் காலையில் நடக்கப் போனால் யாராவது ஒருவர் கூடவே வருவார்.

"சார், நீங்க கோதுமை சயின்டிஸ்டாமே. எங்க வூட்ல சப்பாத்தி சுட்டா செருப்பு மாதிரி வருது. இன்னா மாவு வாங்கலாம்?"

"மாவுல ஒண்ணும் இல்லீங்க. பிசையறதுல இருக்குது."

"இத்த கண்டுபுடிக்கவா கவர்மென்ட்டு உங்கள முப்பது வருஷம் வச்சிகினு இருந்துச்சு?"

இப்படி நான் சிறுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் சென்னையிலிருந்து ஒரு மாவு கம்பெனியின் மேலாளர் என் வீட்டுக்கு வந்தார். 'நம் மண்ணில் விளைந்த கோதுமை' என்று மாவுப் பையில் அச்சடிக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். பையின் வடிவம் தயாராகிவிட்டது. கோதுமைதான் பாக்கி. வெயிலையும் நோயையும் தாங்கும் ஒரு ரகத்தை இந்தப் பக்கத்துச் சமவெளிக்காக நான் உருவாக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

படவேடு போகும் சாலையில், மலையின் நிழலால் இரவு கொஞ்சம் குளிரும் இடத்தில், இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார்கள். நான் கையாண்டது வசந்தக் கோதுமை என்ற வகை. குளிர் நாடுகளில் சில கோதுமைகளைப் பனிக்காலத்துக்கு முன் விதைத்து, பனியில் உறங்க வைத்து எழுப்ப வேண்டும். வசந்தக் கோதுமைக்கு அந்த உறக்கம் வேண்டாம். அங்கே வசந்தத்தில் விதைப்பதால் அந்தப் பெயர். நம் நாட்டில் விளைவது பெரும்பாலும் அதுதான். வசந்தம் என்ற ஒன்றைப் பார்த்தே இராத ஆரணிப் பக்கத்தில் அதைக் கார்த்திகையில் விதைத்து, வெயில் ஏறுவதற்குள் மாசிக் கடைசியில் அறுத்துவிட வேண்டும்.

எங்கள் எதிரி துரு நோய். இரும்பில் பிடிக்கும் துருவின் நிறத்தில், இலையில் பொடிப்பொடியாகக் கிளம்பும் ஒரு பூஞ்சணம். நோய் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுக்க முதலில் நோய் வேண்டும். ஆகவே வயலைச் சுற்றி, தொட்டால் படுத்துக்கொள்ளும் நோஞ்சான் ரகம் ஒன்றை விதைப்போம். துரு பிடித்த இலைகளைத் தண்ணீரில் அலசி, பனி இறங்கும் நேரத்தில் அதன் மேல் தெளிப்போம். அங்கிருந்து எல்லா வரிசைகளுக்கும் நோய் பரவும். தாங்குவது பிழைக்கும்.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "வியாதி வந்தா மருந்து அடிப்பாங்க, பாத்துகிறேன். நீங்க இன்னாடான்னா வியாதியவே டேங்க்குல ஊத்திகினு வந்து அடிக்கிறீங்க."

தெளிப்பானைச் சுமந்துகொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். "நல்லவன் யாருன்னு தெரியணும்னா நாலு திருடன ஊருக்குள்ள வுட்டுப் பாக்கணும்ணா. நீயும் உள்ள வா, உன்னையும் பாத்துடலாம்."

அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனி. சொந்த நிலம் இல்லாத குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில், அறுந்த பட்டு இழைகளை முடிச்சிடும் வேலை பார்த்தவர். நாங்கள் தினக்கூலிக்கு ஆள் எடுத்தபோது வந்தார்.

கோதுமைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருத்தரித்துவிடும். இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமானால், தாயாக வேண்டிய கதிரில் ஒவ்வொரு பூவாகத் திறந்து, உள்ளே இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் முதிர்வதற்கு முன் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் இறகு போன்ற பெண்ணுறுப்பில் இடுக்கி பட்டால் எல்லாம் வீண். இதைப் பழக எனக்கு இரண்டு பருவம் பிடித்தது. அவருக்கு மூன்று நாள்.

"கண்ணுக்கே தெரியாத இழைய முடிச்சி போட்டவ சார் நானு. இது கத்திரிக்கா சைசுக்கு இருக்குது" என்றார்.

இன்னொரு வேலை, துருவுக்கு மதிப்பெண் போடுவது. வரிசை வரிசையாக நடந்து, இலையில் நூற்றுக்கு எத்தனை பங்கு துரு மூடியிருக்கிறது என்று கண்ணளவாகச் சொல்ல வேண்டும். சொல்வது ஒருவர், நோட்டில் எழுதுவது மற்றவர் என்பது வழக்கம். நான்காம் ஆண்டு எனக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு நிறங்களை என்னால் நம்ப முடியவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர் கண்டுகொண்டார், கேட்கவில்லை. அதிலிருந்து அவரே பார்த்து, அவரே எழுத, பக்கத்தின் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்குப் போன அறிக்கைகளில் அந்தக் கண்கள் என்னுடையவை.

ரகம் வெளியானதும் அங்கே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வரும், பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலை அந்த அம்மாவுக்குத்தான் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அவர் அதை நம்பினார். செய்யாறு பக்கத்தில் இருந்த ஒரு தனியார் விதைப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேலை இருப்பதாகச் சொந்தக்காரர் ஒருவர் சொன்னபோது, "இங்க ஏழு வருஷம் பாத்ததுக்கு ஒரு முடிவு தெரியட்டும்" என்று விட்டுவிட்டார்.

ஏழாம் குளிர்காலம். நூற்றுக்கணக்கான வரிசைகளைக் கழித்துக் கழித்துக் கடைசியில் முப்பது வரிசைகள் நின்றன. அவற்றில் பதினேழாம் வரிசை என் செல்லம். நான் தேர்ந்த பெற்றோர், நான் நினைத்த கலப்பு. கொழுத்த கதிர். ஆனால் அதன் நோய் தாங்கும் சக்தி ஒரே ஒரு மரபுக்கூறை நம்பியிருந்தது. வாசலுக்கு ஒரே பூட்டு. திருடன் ஒரே ஒரு சாவி செய்தால் போதும். மூன்று நான்கு பூட்டுகளாகப் போட வேண்டும் என்று நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். அதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். எனக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. போதாக்குறைக்கு, மாவுப் பையில் என் படத்தைப் போடப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். காந்தி ரோட்டில் உள்ள ஸ்டுடியோவில், கையில் பதினேழாம் வரிசைக் கதிரோடு, மூன்று கோணங்களில் படம் எடுத்தும் அனுப்பியிருந்தேன். உள்ளூர் கேபிள் டிவிக்குப் பேட்டியும் கொடுத்தாயிற்று.

கம்பெனிக் குழு பார்வையிட வருவதற்கு மூன்று வாரம் முன்பு, காலையில் இருவரும் நோட்டோடு வயலில் நடந்தோம்.

"பதினேழு, நாப்பது சார்."

"நல்லாப் பாரும்மா."

"நல்லாத்தான் பாத்தேன். கீழ் இலைங்க போயிடுச்சி. மேல ஏறிகினு இருக்குது."

"அது துரு இல்ல. வெயில்ல மஞ்சளாயிருக்குது."

அவர் ஒரு இலையை இரண்டு விரல்களுக்கு நடுவில் இழுத்துவிட்டு, விரல்களை என் முகத்துக்கு நேரே காட்டினார். நுனியில் காவிப் பொடி.

"வெயில் கையில ஒட்டுமா சார்?"

எனக்கு அந்த நிறம் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அது பாதியாவது உண்மையாக இருந்திருக்கும். ஆனால் பொடி தெரிந்தது.

"அஞ்சுன்னு எழுது."

"கண்ணால பாக்கறதத்தான் எழுதணும்னு மொத நாளே சொன்னீங்களே."

"அனுபவம்னு ஒண்ணு இருக்குதும்மா. எழுது."

"இருபத்தி மூணப் பாருங்க சார். பச்சப்பசேல்னு நிக்குது. கதிருதான் கொஞ்சம் சன்னம். வெளைச்சலும் பெருசா கொறையல."

"அத்த பையில போட முடியுமா?" என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதே சொற்களைத்தான் சொன்னேன்.

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு குனிந்து ஐந்து என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

குழுவில் மூன்று பேர். ஏசி காரில் வந்தார்கள். அதற்குள் கதிர் முற்றி எல்லா வரிசைகளும் ஒரே வைக்கோல் நிறம். வயலில் அரை மணி நேரம் இருந்தார்கள். அதில் பாதி நேரம் கதிர்களோடு செல்ஃபி. பிறகு ஆரணிக்குப் போய்ப் பட்டுக்கடையில் உட்கார்ந்தார்கள். நானும் உடன் இருந்தேன். ஒரு புடவையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் போட்டு, கரையை நகத்தால் சுரண்டி, முந்தானையில் ஒரே ஒரு இழை பிசகியிருந்ததைக் கண்டுபிடித்து, வேறு எடுத்து வரச் சொன்னார்கள். மூன்று மணி நேரம். அந்தக் கவனத்தில் கொஞ்சம் என் நோட்டின் பக்கம் திரும்பியிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும்.

பதினேழு தேறியது. அடுத்த கார்த்திகையில் படவேட்டுப் பக்கத்தில் சில விவசாயிகளுக்கு விதை கொடுத்தார்கள். எங்கள் வயலுக்கு வெளியே நாங்கள் நோயைத் தெளிக்கவில்லை. அது தானாகவே வந்தது. தை பிறந்தபோது வயல்கள் காவி நிறத்தில் இருந்தன. ஒரு விவசாயி வெள்ளை வேட்டியோடு வயலுக்குள் போய்விட்டு வந்து என் முன் நின்றார். முழங்காலுக்குக் கீழே முழுவதும் காவி.

"பாருங்க. ஒரு தபா உள்ள போயிட்டு வந்தா சாமியாரா ஆயிட்றேன். அறுத்துட்டு எங்க போய் மடம் கட்டட்டும்?"

கம்பெனி அவர்களுக்கு ஏதோ கொடுத்துச் சமாதானம் செய்தது. பிறகு விசாரணை. ஆரணியில் ஒரு ஹோட்டலின் ஏசி அறை. பட்டுக்கடையில் புடவை பார்த்த அதே மூவர்தான் நீதிபதிகள். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே நோட்டைத் திறந்து, "இது யார் எழுத்து?" என்று கேட்டார்கள். நான் சொன்னதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். ஒருவர், "சார், உங்கள மாதிரி பெரியவங்க இனிமே இவ்வளவு நம்பக் கூடாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையசைத்தேன். வெளியே வந்தபோது அந்த நாற்காலி இருந்த பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. 'பதிவில் முறைகேடு' என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். திட்டத்தின் வாட்ஸப் குழுவிலும் அதையே போட்டார்கள். அந்தக் குழுவில் விதைக்காரர்கள், பூச்சிமருந்துக் கடைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். செய்யாற்றுப் பரிசோதனைக் கூடத்தில் பிறகு அவர் போய்க் கேட்டபோது, பெயரைக் கேட்டதும், "நம்பர மாத்தி எழுதினவங்களா?" என்றார்களாம். திட்டத்தை மூடினார்கள். மீதியிருந்த விதை எல்லாம், இருபத்து மூன்றும் சேர்த்து, ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிற்று. மாவுப் பை வேறு யாருடைய சிரிப்போடோ கடைக்கு வந்தது. உள்ளே இருந்தது வடநாட்டுக் கோதுமை.

எங்கள் சமயத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது ஒரு வழக்கம். அந்தக் காலத்தில் நேரில் போய்க் கைகூப்புவார்கள். இப்போது தாமரைப் படம் போட்ட ஒரு செய்தி வரும். 'தெரிந்தோ தெரியாமலோ தங்கள் மனம் நோகும்படி நான் ஏதேனும் செய்திருந்தால் மன்னித்தருள்க.' அதை அப்படியே கைபேசியில் உள்ள அத்தனை எண்களுக்கும் தள்ளிவிடலாம். கேஸ் ஏஜென்சிக்கும் போகும். அந்த அம்மாவுக்கும் இரண்டு ஆண்டுகள் போயிற்று. முதல் ஆண்டு பதில் இல்லை. இரண்டாம் ஆண்டு ஒரு கட்டைவிரல் வந்தது. அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு லேசானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த லேசு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இரவில் தூக்கம் போயிற்று. அந்த நேரம் பார்த்து நடைப்பயிற்சிச் சங்கத்தார் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். கல்யாண மண்டபம், மாலை, ஆளுயரப் படம். மேடையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னேன். "அந்த நோட்டில் இருக்கிற பொய் என்னுடையது. அதை எழுதிய அம்மா குற்றமற்றவர்" என்று தெளிவாக, மைக்கில் சொன்னேன். மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா! தனக்குக் கீழ வேலை செஞ்ச ஒரு அம்மா செஞ்ச தப்பக்கூட தன் தலையில ஏத்திக்கிறாரு. இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?"

"இல்லீங்க, நெஜமாவே நான்தான்" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். இன்னொரு சால்வை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "பொய் சொல்லும்போது நம்பினாங்க. நெசம் சொல்லும்போதும் உங்களத்தான் நல்லவர்னாங்க. அந்தப் பொம்பளைய எப்பதான் நம்புவாங்க? போய் அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

மறுநாள் போனேன். அவர் நூறு நாள் வேலையில், ஏரிக்கரையில் மற்றப் பெண்களோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பெண், விழா வீடியோ ஓடிக்கொண்டிருந்த கைபேசியைத் தூக்கிக் காட்டினார்.

"அடியே, உன் பெரிய மனசுக்காரரு வந்துகினு இருக்காருடி. எழுந்து நில்லு, உனக்கும் ஒரு சால்வ குடுப்பாரு."

"சால்வ எதுக்கு? மம்முட்டி புடிக்கச் சொல்லு. ஒரு ஆளு கொறையுது" என்றார் இன்னொருவர்.

அந்த அம்மா எழுந்து கொஞ்ச தூரம் தள்ளி வந்தார். எதற்கு வந்தேன் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"வீடியோ பாத்தேன் சார். நல்லா பேசுனீங்க. முன்ன கம்பெனிக்கும் விதைக்கடைக்கும்தான் என்னத் தெரியும். இப்ப ஆரணிக்கே தெரிஞ்சி போச்சி."

"நான் உண்மையத்தாம்மா சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. அவங்க கேக்கணுமில்ல? தாமரப் பூ போட்டு அனுப்புனீங்களே, தெரிஞ்சோ தெரியாமலோன்னு. தெரியாததெல்லாம் இருக்கட்டும் சார். தெரிஞ்சதுக்குத் தனியா ஒண்ணு அனுப்பியிருக்கலாம்."

அவர் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்து, நெடுநேரம் விரலால் தள்ளி, ஒரு படத்தைக் காட்டினார். பதினேழு என்ற எண் பலகை. அதன் கீழ் இலைகள். பக்கத்தில் அவருடைய காவி விரல்கள். அடியில் தேதியும் நேரமும். அந்தக் காலையில், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்னால் நடந்த பிறகு எடுத்தது.

"இத ஏம்மா அன்னிக்கே காட்டல? வாட்ஸப்லயாவது போட்டிருக்கலாமே" என்றேன்.

"அந்தத் தாளக் குடுக்கறதுக்கு முன்னாடியே எம் பேர குரூப்புல இருந்து எடுத்துட்டாங்க. அன்னிக்கு சேர் போட்டாங்க, உக்காந்தேன். மத்தியானம் வரைக்கும் உக்காந்தேன். நீங்க வெளிய வந்தீங்க. யாருகிட்ட காட்டணும், சொல்லுங்க."

நான் அழத் தொடங்கினேன். அவர் அதைப் பார்க்க விரும்பவில்லை.

"அய்ய, பேஜாரு பண்ணாதீங்க சார், அவளுங்க பாத்துகினு இருக்காளுங்க. எனக்கு மன்னிப்பெல்லாம் வாணாம். செய்யாறு லேப்ல எம் பேருக்கு நேரா ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. அத்த அழிச்சிக் குடுங்க. பேசிக் கிழிச்சது போதும். பேப்பர்ல எழுதுங்க."

அந்தப் படத்தோடு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். என்ன பார்த்தேன், என்ன எழுதச் சொன்னேன், விசாரணையில் என்ன பொய் சொன்னேன். மூன்றையும் வரிசையாக. 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தேன். கம்பெனிக்கும் செய்யாற்றுக் கூடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூடத்திலிருந்து பதில் இல்லை. கம்பெனி மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், மூடின ஃபைல எதுக்குத் தொறக்கறீங்க? வயசுல ஞாபகக் குழப்பம்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் மட்டும் அனுப்பிடுங்க. லெட்டர நாங்க பெருசா எடுத்துக்க மாட்டோம்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க."

"அதுதான் சார் ப்ராப்ளம்" என்றார் அவர், மிகவும் அன்பாக.

பிறகு அதே கடிதத்தின் நகல்களோடு விதை வாங்கிய விவசாயிகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். ஒருவர் நாயை அவிழ்த்துவிடவில்லை, அவ்வளவுதான். காவி வேட்டியோடு என் முன் நின்றவர் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தார். என்னையும் வெயிலிலேயே நிற்க வைத்தார். இரண்டாம் முறை படித்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசம்தானா? பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு முன்னாடி கேட்டேன், ஏன் பொய்க் கணக்கு எழுதினேன்னு. நான் பாத்தத எழுத வுடலன்னுச்சி. நான் நம்பல. உங்க மேலயே பழி போடறியான்னு திட்டி அனுப்பினேன்." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க கெளம்புங்க. தண்ணி கேட்டாலும் குடுக்கற மாதிரி இல்ல நானு."

செய்யாறுக்குப் போனது அந்த விவசாயிதான். என் கடிதத்தோடு, நஷ்டப்பட்ட இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு. 'பாதிக்கப்பட்ட நாங்களே சொல்கிறோம்' என்று கூடத்தின் முதலாளி முன் உட்கார்ந்திருக்கிறார்கள். என் பதிவுத் தபால் அங்கே அது வரை பிரிக்கப்படாமல் கிடந்ததாம். அந்த அம்மாவை வரவழைத்து, நோய் பிடித்த நெல் இலைகளை மேசையில் பரப்பி மதிப்பெண் போடச் சொன்னார்கள். கருவியில் அளந்து பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு இலைக்கு மட்டும் அவர் எதுவும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இது நோய் இல்ல சார், உரம் பட்டு கருகிப்போனது" என்றாராம்.

எனக்கு நேர்ந்ததும் சரியாகவே நேர்ந்தது. விவசாயிகள் வாய்வழியே செய்தி ஊருக்குள் வந்ததும், மைக்கில் நான் சொன்னதை நம்பாத சங்கத்தார் அதை உடனே நம்பினார்கள். மைதானத்தில் இப்போது அவர்கள் எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருப்பது அவர்களுக்குத்தான் சங்கடம். சப்பாத்தியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சென்ற மாதம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். செய்யாற்றுக் கூடத்தில் வேலையில் சேர, முன்பு வேலை பார்த்த இடத்தின் அனுபவச் சான்று வேண்டும். கம்பெனி தர மறுத்துவிட்டது. மேற்பார்வையாளர் கையெழுத்து இருந்தாலும் போதும் என்றிருக்கிறார்கள். என் மனைவி காபி கொடுத்தாள். அவர் குடித்தார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவருடைய நேர்மையைப் பற்றியும் கூர்மையைப் பற்றியும் எனக்கு அவர் கற்றுக்கொடுத்ததைப் பற்றியும் பக்கம் முழுக்க எழுதி நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்ளோ வாணாம் சார். எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் இருந்தேன், இன்னா வேலை செஞ்சேன். அது ரெண்டுதான் கேட்டிருக்காங்க."

வேறு தாளில் இரண்டு வரி எழுதினேன். அதை வாங்கிச் சரிபார்த்தார். சேர்ந்த ஆண்டை ஒன்று தள்ளி எழுதியிருந்தேன். விரல் வைத்துக் காட்டினார். அடித்துத் திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டேன். கீழே முழுக் கையெழுத்துப் போட்டு, என் பெயருக்குப் பின்னால் பட்டங்களை எழுதத் தொடங்கினேன்.

"அது வாணாம் சார், எடம் பத்தாது. லேப்ல சீல் வெப்பாங்க" என்றார். "கொஞ்சம் ஜல்தியா குடுங்க. பதினொண்ணு இருவது பஸ்ஸ வுட்டா அப்பறம் ஒரு மணிக்குத்தான்."